பாய்லர் மீட்டரில் சிவப்புக் கோடு

ஆதிமூலத்துக்கு நாற்பத்தாறு வயது. எங்கள் மில்லில் பாய்லருக்குக் கரி தள்ளுகிறவர். அந்த வயதில் ஒரு மனுஷன் வேலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல் படிப்பகத்துக்குப் போனால் எங்களுக்குச் சிரிப்பு வராதா? கையெல்லாம் கரி என்று வாசல் குழாயில் முழங்கை வரை கழுவச் சொல்வார்களாம். கழுவிவிட்டுப் போய், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பள்ளிக்கூடப் புத்தகங்களையும் புதிதாக வந்த இங்கிலீஷ் புத்தகங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிப்பார். "கவர்னர் வேலைக்கு மனு போட்டுருக்கியாண்ணே?" என்று நான்தான் அதிகம் கிண்டல் செய்வேன். அவருக்குக் கோபமே வராது. அதுவே எனக்கு எரிச்சல்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் பழைய பிரெஞ்சு மீட்டர் உடைந்தது. பாய்லரில் ஸ்டீம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டுகிற மீட்டர். எங்களில் பாதிப் பேருக்கு எண் தெரியாது. அதனால் கண்ணாடிமேல் ஒரு சிவப்புக் கோடு. முள் அதைத் தொட்டால் கரியை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் எங்கள் படிப்பு. மெட்ராஸிலிருந்து வந்த புது மீட்டரிலும் தணிகாசலம் மேஸ்திரி அதே இடத்தில் கோடு போட்டார். ஆதிமூலம் அப்போது மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தார்.

மறுநாளே பாய்லர் உச்சியில் சேப்டி வால்வு வீல் வீலென்று கத்த ஆரம்பித்தது. ஸ்டீம் அளவு மீறினால் தானே திறந்து வெளியே விடுகிற வால்வு அது. முள்ளோ கோட்டுக்கு வெகு கீழே. "வால்வு கெட்டுப்போச்சி. ராஜாங்கம், அது மேல எடையக் கட்டுடா" என்றார் மேஸ்திரி. ஒரு இரும்புக் கட்டியை நான்தான் கட்டினேன். சத்தம் நின்றது.

லீவு முடிந்து வந்த ஆதிமூலம் மீட்டரையும் வால்வுமேல் கட்டிய இரும்பையும் பார்த்தார். தரையில் கரித்துண்டால் கணக்குப் போட்டார்.

"மேஸ்திரி, பழசு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோன்னு காட்டுச்சி. இது சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டுன்னு காட்டுது. பழைய கோடு ஏழு கிலோ, அது இதுல நூறு பவுண்டுதான். உங்க கோடு நூத்தி நாப்பதுல நிக்குது."

"முள்ளு இப்ப எங்க?"

"நூத்தி முப்பது. வால்வு நல்லாத்தான் இருந்துருக்கு. எடையை எடுக்கச் சொல்லுங்க, வெடிச்சிடும்!"

"ஸ்டீம் போனா தறியெல்லாம் நின்னுடும்யா. புத்தகத்தப் படிச்சிட்டு எனக்கே பாடம் எடுக்கிறியா? எடையத் தொட்டவன் நாளைக்கு வேலைக்கு வர வேணாம்!"

ஆதிமூலம் அவரை விட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்தார். "கட்டுனது யாருடா?"

"நான்தாண்ணே."

"ஏணியைப் புடி, நான் ஏறுறேன்."

பாய்லர் உள்ளுக்குள் முனகியது. எனக்கு மூன்று பிள்ளைகள். வேலை போனால் சோற்றுக்கு வழியில்லை. அடப்பாவி, வெடித்தால் சோறு தின்ன நான் எங்கே இருக்கப்போகிறேன்? அவர் தரையில் போட்ட கணக்கு எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த மனுஷன் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அவரைத் தள்ளிவிட்டு நானே ஏறினேன். இரும்பு கையைச் சுட்டது. அவிழ்த்துத் தள்ளியதும் ஸ்டீம் பீறிட்ட சத்தத்தில் காது அடைத்துவிட்டது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. எங்கள் இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கேட்டைச் சாத்தினார்கள்.

நான்காம் நாள் பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்தார். தகடுகள் சேரும் இடத்தில் இரண்டு ஆணி தளர்ந்து நீர் கசிந்திருந்ததைக் காட்டினாராம். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா இந்தக் கட்டடமே இருந்திருக்காது" என்றாராம். எங்களைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

சிவப்புக் கோட்டைச் சுரண்டிவிட்டு, இன்ஸ்பெக்டர் பிரஷை ஆதிமூலத்திடம் நீட்டினார். "சரியான இடத்துல நீங்களே போடுங்க."

"வேணாங்க. கோட்டை நம்பித்தான் இவ்வளவும் ஆச்சி. இவங்க நம்பரைப் படிக்கட்டும்."

எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. அன்று சாயங்காலம் படிப்பக வாசல் குழாயில் அவருக்குப் பின்னால் நின்று நானும் கை கழுவினேன். கொப்புளத்தில் தண்ணீர் பட்டு எரிந்தது. முழங்கை வரை கழுவினேன்.