இருட்டுவதற்குள் ஒரு விருந்து

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் ஒருவரும் வாயில் ஒரு பருக்கை வைக்கமாட்டோம். நாங்கள் சமணர்கள். விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், தட்டில் விழும், நமக்குத் தெரியாமலே ஓர் உயிர் போகும். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்து, அம்மா அடுப்படியைக் கழுவிவிடுவாள். வெளியார் யாராவது வந்து தங்கினால் மட்டும், அவர்களுக்கென்று கொஞ்சம் சோறு மூடி வைப்பாள்.

இதை அவனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவன் சென்னையில் என்னோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவன், சமணன் இல்லை, வேறு ஆட்கள். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் சொன்னதும் அப்பா குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். குதிக்கவில்லை. "பையனைப் பாக்குறேன். ஒண்ணா உக்காந்து சாப்புடுவோம். வீட்டுக்கு வேணாம், தெருவே வந்து எட்டிப் பாக்கும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிடிக்காத சம்பந்தத்தில் எங்கள் பக்கம் கை நனைக்கமாட்டார்கள். அப்பா அவனோடு ஒரு வாய் சாப்பிட்டால் போதும், சம்மதம்தான்.

இடம் பார்த்தது அந்த மகராசன். எங்கள் ஊரிலேயே செங்கம் ரோட்டில், மலையடிவாரத்து ஆசிரமம் தாண்டி, வெள்ளைக்காரர்களை நம்பித் திறந்த இத்தாலியன் ஹோட்டல். பாண்டிச்சேரியிலும் மகாபலிபுரத்திலும் அதற்குக் கிளைகள் உண்டு. பாண்டிச்சேரியில் தின்று அசந்துபோயிருந்தான். "பொண்ணு கேக்க இட்லிக் கடைக்கா கூட்டிட்டுப் போறது?" என்றான். சாயங்காலமே சாப்பாடு கிடைக்குமா என்று போனில் கேட்டானாம், கிடைக்கும் என்றார்களாம்.

மார்கழி மாதம், சீக்கிரமே இருட்டிவிடும். வெயில் நன்றாக இருக்கும்போதே போய் உட்கார்ந்துவிட்டோம். முட்டை, பூண்டு எதுவும் கூடாது என்று மூன்று முறை சொன்னேன். சர்வர் தலையை ஆட்டிவிட்டு முதலில் கொண்டுவந்ததே பூண்டு தடவிய ரொட்டி. அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அப்புறம் ஆளையே காணோம். கூப்பிட்டு விரட்டினேன். "மாஸ்டர் இப்பதாங்க வந்தாரு. நம்ம கடைல ராத்திரிலதாங்க கூட்டம் ஜாஸ்தி" என்றான். அட பாவிகளா!

அவன் தன் வேலையைப் பற்றி அப்பாவிடம் விடாமல் பேசிக்கொண்டிருந்தான். அப்பா "ம்" கொட்டினார். அம்மா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாறைமேல் இருந்த வெயில் மேலே மேலே ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, போய்விட்டது. அம்மா என்னைப் பார்த்தாள்.

நன்றாக இருட்டிய பிறகு நான்கு தட்டுகளும் வந்தன. கூடவே மேசை நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. வைத்த மாத்திரத்தில் ஒரு பூச்சி வந்து சுடரைச் சுற்றியது. அப்பா குனிந்து ஊதி அணைத்துவிட்டார். கோபம் என்று நினைத்துக்கொண்டு அவன், "ஒரு நாள்தானே சார், ஒண்ணும் ஆகாது" என்றான். மேசைக்கடியில் அவன் காலை நறுக்கென்று மிதித்தேன்.

"நீங்க சாப்புடுங்க தம்பி. நாங்க இருக்கோம்" என்றார் அப்பா.

சாப்பிடாவிட்டால் மரியாதை இல்லை என்று பயந்து அவன் சாப்பிட ஆரம்பித்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீயும் சாப்புடு."

"எனக்கு வேணாம்ப்பா."

"ஏன்? ராத்திரி போன் பண்ணா வாயில சோத்தோடதானே பேசுற."

சென்னையில் மெஸ்சில் ராத்திரி எட்டு மணிக்குத்தான் சோறு போடுவார்கள் என்று நான் வீட்டில் சொன்னதே இல்லை. அவரும் அதுவரை கேட்டதே இல்லை. தலையைக் குனிந்து ஒரு வாய் வைத்தேன். பாஸ்தா பாதிதான் வெந்திருந்தது, மேலே ஊற்றியிருந்தது ஒரே புளிப்பு. அம்மா அழுதுவிடுவாள்போல் இருந்தாள். அந்தக் கண்ராவியை நானும் அவனும் தின்று முடிக்கும்வரை அப்பாவும் அம்மாவும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வாசலில் ஆட்டோ ஏறும்போது அப்பா, "பண்ணிக்குங்க. நான் குறுக்க நிக்கமாட்டேன்" என்றார். அவன் சட்டென்று அவர் காலைத் தொட்டுவிட்டான். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. கை நனைக்காமலே சம்மதம் சொல்கிறாரே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கல்யாணம் முடிந்து முதல்முறையாக இரண்டு பேரும் ஊருக்குப் போனோம். என் வீட்டுக்காரர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் அம்மா சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டு, எப்போதும்போல் கை கழுவிக்கொண்டு போய் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டே தட்டுகள் இருந்தன.

"எனக்கும்மா?"

"உங்க ரெண்டு பேருக்கும் மூடி வெச்சிருக்கேன். ராத்திரி மெதுவா சாப்புடுங்க. அப்பாதான் சொன்னாரு" என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

"இன்னும் வெளிச்சம் இருக்கும்மா!" என்று கத்தினேன். அப்பா நிமிரவில்லை. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, கை கழுவ எழுந்து போனார்.