பன்னிரண்டுக்கு அடங்காத கிழவர்

என்னிடம் பதினேழு இசைத்தட்டுகள் இருக்கின்றன. நேற்றும் எண்ணிப் பார்த்தேன். அவற்றில் பதினொன்று புளூஸ். மற்ற ஆறும் என்னவென்று எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

அவை துரை பங்களாவிலிருந்து வந்தவை. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் எஸ்டேட்டின் கடைசி வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டினார். எடுத்துப் போகாத சாமான்களைப் பின்வாசலில் பரப்பி வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார். நான் தேயிலைத் தொழிற்சாலையில் கிராணி, குமாஸ்தா மாதிரி. அரைத்த இலை பரப்பிக் கிடக்கும் அறையில் நின்று, அது பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்குத் திரும்பும் நிமிடங்களை எண்ணுவது என் வேலை. ஒரு நிமிடம் தவறினாலும் தேநீரின் சுவை கெட்டுவிடும். அன்றும் அப்படி எண்ணிக்கொண்டு நின்றதால் பங்களாவுக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தேன். நாற்காலி, கெட்டில், கம்பளி எல்லாம் போயிருந்தன. மூடி உடைந்த ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஒரு அட்டைப்பெட்டியும் மட்டும் மிச்சம்.

உறைகளின் பின்னால் ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருந்தது. படித்தேன். அமெரிக்காவில் பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பு மக்களின் பாட்டு என்று போட்டிருந்தது. முதல் தட்டை வைத்ததும் எனக்குப் பயம் வந்தது. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கித்தார், அடியில் மரப்பலகையைத் தட்டும் அவருடைய கால். தீய்ந்துபோன சட்டியைச் சுரண்டுவது மாதிரி ஒரு பழைய கரகரப்பு. அவர் பாடுவது அடுத்த அறையிலிருந்து கேட்பது போலிருந்தது. எழுந்து போய் அடுத்த அறையைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பிறகு எண்ண ஆரம்பித்தேன். எண்ணினால் எனக்குப் பயம் குறையும். அவர் கால் நான்கு முறை தட்டினால் ஒரு கட்டம். நான்கு கட்டத்தில் ஒரு வரி பாடுகிறார். அடுத்த நான்கில் அதே வரியைத் திரும்பப் பாடுகிறார். கடைசி நான்கில் அந்த வரிக்குப் பதில் போல இன்னொன்று. ஆகப் பன்னிரண்டு கட்டம். பிறகு மறுபடி முதலிலிருந்து. எட்டு இசைத்தட்டுகளில் இதைச் சோதித்தேன். பெரிய வாத்தியக் கோஷ்டியோடு பாடும் ஒரு கனத்த குரல் பெண்ணுக்கும், மின்சாரக் கித்தாரும் மவுத் ஆர்கனும் வைத்துக்கொண்டு பட்டணத்தில் பாடியவர்களுக்கும் அதே பன்னிரண்டுதான்.

அந்த இரண்டாம் வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பூட்டிய கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, நான்கு அடி போனபின் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறவன் நான். பயந்தவன் எதையும் இரண்டு முறை சொல்லுவான். இந்தப் பாட்டில் அதற்கு இடம் விட்டிருந்தார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் அடங்கவில்லை. காலால் பலகையைத் தட்டும் அந்த முதல் கிழவர். சில சமயம் பதினொன்றரைக் கட்டத்தில் திரும்பிவிடுவார். சில சமயம் பதின்மூன்று வரை இழுப்பார். தட்டு பழுதோ என்று துடைத்துப் பார்த்தேன். பழுதில்லை. அவருக்கு மூச்சு எப்போது வருகிறதோ அப்போது பாடினார், அவ்வளவுதான். அவர் பாடும்போது மேசையில் விரலால் தட்டிக்கொண்டே வருவேன். பதினொன்றரையில் என் விரல் அந்தரத்தில் நின்றுவிடும். என் மனைவி அந்த நேரம் பார்த்துச் சிரிப்பாள்.

"உங்களுக்கும் ஒரு ஆளு வந்துட்டாரு, கணக்குத் தெரியாத கிழவன். விரல கீழ வைங்க, வலிக்கப் போவுது."

ஆனால் அவளுக்கு அந்தப் பாட்டு பிடிக்காது. "விளக்கு ஏத்துற வீட்டுல இப்படி அழுவலாமா?" என்பாள்.

அவள் மட்டும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிளேயரின் குமிழை ஆறாம் எண் வரை திருப்பிவிட்டேன். குமிழில் ஒன்று முதல் பத்து வரை இருந்தது. அந்தக் கனத்த குரல் பெண் பாடிக்கொண்டிருந்தாள். கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது, வாசலில் ஐந்து பெண்கள். எல்லோரும் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் கொழுந்து பறிக்கிறவர்கள். முன்னால் நின்ற அக்காவின் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அவர்களுக்குப் பின்னால், தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்தபடி, அவர்களை வேலை வாங்கும் கங்காணி.

"ஐயா, யாரு ஐயா தவறிட்டாங்க? ஊர்லருந்து தந்தி வந்துச்சா?"

"யாரும் இல்லம்மா. பாட்டு வச்சேன்."

"பாட்டா?" அந்த அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். "இதப் போயி காசு குடுத்தா வாங்குனீங்க?"

"சும்மா கெடச்சது."

"அப்ப சரி." முடியை அள்ளி முடிந்துகொண்டாள். "நான் அழுவுறதுக்குத் தயாரா வந்தேன் ஐயா. அடுப்புல சோறு வேற கொதிக்குது."

கங்காணி தலையைச் சொறிந்தார். "தப்பு அடிக்கிற ஆளுங்களக் கூட்டியார ஒருத்தன் போயிட்டான்லா. இப்ப அவன் பின்னால இன்னொருத்தன ஓட விடணும்."

எங்கள் எஸ்டேட்டில் கல்யாணத்துக்கு வீடு வீடாகப் போய் அழைக்கவேண்டும். அழைக்காவிட்டால் பத்து வருடம் பேசமாட்டார்கள். சாவுக்கு அழைப்பு கிடையாது. ஒப்பாரிச் சத்தம் கேட்டால் போதும், முதுகுக் கூடையைக்கூட இறக்கி வைக்காமல் வந்துவிடுவார்கள். நான் அதை நினைக்காமல் குமிழைத் திருப்பியிருந்தேன். அதன்பின் பல வருடம் நான் அதை இரண்டுக்கு மேல் திருப்பியதில்லை.

அடுத்த வருடம் என் மனைவி கருவுற்றாள். மூன்றாவது முறை. முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதம், ஒன்று ஐந்தாம் மாதம். அந்த வருடம் நான் எண்ணாத பொருள் இல்லை. வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு அறுநூற்று நாற்பது காலடி. வீட்டிலிருந்து முதல் லயத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. எங்கள் வீடு தனியாக ஒரு மேட்டில் இருந்தது. மத்தியானம் பனி இறங்கினால் லயம் கண்ணுக்குத் தெரியாது. டெலிபோன் தொழிற்சாலையில் மட்டும்தான். பெரிய ஆஸ்பத்திரி மலையின் மறுகோடியில், தானா ராத்தா பட்டணத்தில். கம்போங் ராஜாவைத் தாண்டி, திரிங்காப்பைத் தாண்டி வளைந்து வளைந்து போகவேண்டும்.

"இனிமே அந்தப் பொட்டியத் தொறக்க மாட்டேன்," என்றேன்.

அவள் யோசித்தாள். "ஒன்னாம் நம்பர்ல வைங்க. கதவச் சாத்திக்கிட்டு வைங்க. அது இல்லாட்டி நீங்க என்னைய எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. அது அத விட மோசமா இருக்கு."

அப்படியே ஏழாம் மாதம் வரை ஓடியது. ஒன்றாம் எண்ணில் பாட்டு கொசுவின் சத்தம் அளவுக்குத்தான் வரும். காதை மேசையில் வைத்துக்கொண்டு கேட்பேன். அந்தக் கிழவர் எந்த இடத்தில் தவறுவார் என்று அவளுக்கும் மனப்பாடமாகிவிட்டது. சமையல்கட்டிலிருந்தே "இப்ப விழுவாரு பாருங்க" என்பாள். விழுவார்.

எட்டாம் மாதத்தில் ஒரு மத்தியானம், இலை பரப்பி முப்பத்தெட்டாவது நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்து நின்றேன். அறைவாசலில் கங்காணி வந்து நின்றார். அவர் தொழிற்சாலைக்குள் வருகிற ஆள் இல்லை. தலைப்பாகை அவர் கையில் இருந்தது.

"ஐயா. வீட்டுக்கு வாங்க."

"என்ன?"

"வாங்க ஐயா." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சத்தம் கேட்டுச்சு. பொம்பளைங்க போயிட்டாங்க. நான் உங்கள கூட்டியார வந்தேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்ற பயம். நடந்தேன். அறுநூற்று நாற்பது. அடிகள் சின்னதாகிவிட்டன, எண்ணிக்கை எழுநூறைத் தாண்டியும் வீடு வரவில்லை. சுற்றிலும் வெள்ளைப் பனி. கங்காணி பின்னால் வந்துகொண்டிருந்தார். இனி யாருக்குச் சொல்லியனுப்பவேண்டும், அவளுடைய அம்மாவுக்கு எந்த வார்த்தையில் சொல்வது என்று எல்லாம் மனதில் ஓடியது. நான் என்னை வெறுத்தேன். முன்கூட்டியே பயந்து வைத்திருந்தால் நடக்காது என்று நம்பியிருந்தேன். அவ்வளவு பயந்தும் நடந்துவிட்டது.

அப்போது பனிக்குள்ளிருந்து அந்த ஓலம் வந்தது. இழுத்து, நடுங்கி, திரும்ப அதே வரி. என் விரல் என்னைக் கேட்காமல் தொடையில் தட்ட ஆரம்பித்தது. ஒன்பது, பத்து, பதினொன்று. பதினொன்றரையில் திரும்பியது.

அங்கேயே நின்றுவிட்டேன். கங்காணி என்மேல் வந்து மோதினார்.

"அது பொம்பளைங்க இல்ல," என்றேன். "அது நம்ம கிழவன்."

"எந்தக் கிழவன் ஐயா?"

செத்தவள் தட்டை எடுத்து வைக்கமாட்டாள். ஓடினேன். என் வாழ்க்கையில் எண்ணாமல் கடந்த தூரம் அது ஒன்றுதான்.

வாசலில் ஒன்பது கூடைகள், பாதிக் கொழுந்தோடு. உள்ளே பெண்கள் நிறைந்திருந்தார்கள். ஒருத்தி அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள். பிளேயர் மேசைக்குக் கீழே, தரையில் என் மனைவி. முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, உயிரோடு.

"வந்துட்டீங்களா," என்றாள். "வலி வந்துருச்சு. கத்திப் பாத்தேங்க. குரலே எழும்பல. நடக்கவும் முடியல. அதான் இவர கூப்புட்டேன்." கையால் மேலே காட்டினாள். குமிழ் ஒன்பதில் நின்றது.

முடியவிழ்த்த அக்காதான் அவள் தலையை மடியில் வைத்திருந்தாள். "மொதல்ல வெளிய நின்னு மாரடிச்சிட்டேன் ஐயா," என்றாள். "உள்ளாருந்து 'அக்கா, நான் சாகல, உள்ள வாங்க'ன்னு ஈனக் குரலு வருது. எனக்கு உசுரே போயிருச்சு."

தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த கொழுந்து லோரியைக் கங்காணி ரோட்டில் மறித்தார். கொழுந்தை இறக்க நேரமில்லை. சாக்குகளுக்கு மேலேயே அவளைப் படுக்க வைத்தோம். கொழுந்து பறிக்க வந்திருந்த அந்த அக்காவின் தங்கை துணைக்கு ஏறிக்கொண்டாள், அக்கா வீட்டைப் பார்த்துக்கொள்ள நின்றாள். அடைத்து வைத்த பச்சைக் கொழுந்து தானாகச் சூடாகும். வேலையில் அது எங்களுக்குப் பெரிய தொல்லை, அப்படிச் சூடேறினால் இலை கெட்டுவிடும். அன்று வெளியே குளிர் வெட்டியது. அவள் கண்ணை மூடியபடி, "அடியில கதகதன்னு இருக்குங்க," என்றாள். வளைவுகளை எண்ணினேன். எழுபது வரை நினைவிருக்கிறது. அதன்பின் அவள் என் கையை நெரித்ததில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

இருட்டும் முன் பெண் குழந்தை பிறந்தது. சின்னக் குழந்தை. விரல்களை எண்ணினேன், பத்து. கால்விரல்களையும் எண்ணினேன், பத்து. இன்னொரு முறை முதலிலிருந்து எண்ணினேன். நர்ஸ் என் கையைத் தட்டிவிட்டார்.

மறுநாள் காலை வீட்டுக்குத் துணி எடுக்க வந்தேன். கதவு திறந்திருந்தது. அந்த அக்கா நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து ஊசி கடைசி வரிப்பள்ளத்தில் டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்தது.

"நிறுத்தக் கூடாதாக்கா?"

"பயமா இருந்துச்சு ஐயா. அது பாட்டுக்கு ஓடட்டும்னு விட்டுட்டேன். இத நிறுத்தி, அங்க ஏதாச்சும் நின்னு போச்சுன்னா?" எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். "என்ன புள்ள?"

சொன்னேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதன்பிறகுதான் நான் ஊசியைத் தூக்கினேன்.

நான் விட்டு ஓடிய இலை அன்று கறுத்துக் கெட்டுப்போனது. லோரியில் போன கொழுந்தும் வீண். வேலை போகும், வேலையோடு வீடும் போகும் என்று எட்டு நாள் தூங்கவில்லை. புது மேனேஜர், நம்மவர்தான், ஒன்பதாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "ரேடியோ சத்தத்தக் கொறச்சு வைங்க கிராணி, எஸ்டேட்டே வேலைய விட்டுட்டு ஓடுது," என்றார். அவ்வளவுதான்.

எண்பதுகளில் கேசட் வந்தது. தானா ராத்தாவில் ஒரு கடைக்காரரிடம் சொல்லிவைத்து, புதிதாகப் பாட வந்தவர்களை ஈப்போவிலிருந்து வரவழைத்தேன். கித்தார் நரம்பைப் பிய்த்துவிடுகிற மாதிரி வாசிக்கும் ஒரு இளைஞன். மெதுவாக, மினுமினுப்பாகப் பாடும் இன்னொருவன். கெட்டிக்காரர்கள். கரகரப்பே இல்லை. கட்டம் பன்னிரண்டு, எப்போது எண்ணினாலும் பன்னிரண்டு. பயமும் அதில் அளவாகத்தான் இருந்தது. என் மகளுக்கு அவர்கள்தான் பிடித்தவர்கள். காதில் மாட்டிக் கேட்கிற சின்னப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டாள். அவள் தலையாட்டுவதைப் பார்க்கலாம், ஒரு சத்தமும் வெளியே வராது.

அது எனக்குப் பிடிக்கவில்லை. "வெளிய கேக்குற மாதிரி வையேன்மா," என்றேன்.

"எதுக்குப்பா? யாருக்குக் கேக்கணும்?"

அப்போதே லயத்தில் இருபத்திரண்டு வீட்டில் பதின்மூன்று பூட்டிக் கிடந்தன. ஆட்கள் கீழே பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த அக்கா மட்டும் தன் வீட்டில் இருந்தாள், காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது.

வாரத்துக்கு ஒருமுறை, பனி இறங்காத மத்தியானத்தில், அந்தக் கிழவரின் தட்டை வைத்து மெதுவாகக் குமிழை ஒன்பது வரை திருப்பிப் பார்ப்பேன். துருப் பிடிக்காமல் திரும்புகிறதா என்று. பதினொன்றரையில் அவர் விழும் வரை காத்திருந்து சட்டென்று இரண்டுக்கு இறக்கிவிட்டு, சன்னலருகே போய் நின்று லயத்தின் பக்கம் பார்ப்பேன்.

ஒவ்வொரு முறையும் அந்த அக்கா வாசலுக்கு வந்து நிற்பாள். என்ன என்று அவள் கையை ஆட்டிக் கேட்பாள். நான் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டுவேன். அவள் உள்ளே போன பிறகுதான் தட்டை உறைக்குள் வைப்பேன்.