சின்னசாமியின் இரண்டு மயில்கள்

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆம்பூரில் பாலாற்றை ஒட்டிய தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் சின்னசாமி சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்துவந்தார். ஆட்டுத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, மேலும் கீழுமாகப் புரட்டி, உரோமம் தானாகக் கழன்று வரும் பக்குவத்தில் வெளியே இழுத்துப் போடவேண்டும். கையில் எந்நேரமும் சுண்ணாம்பு, நகமெல்லாம் மஞ்சள்.

ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சல் அவர் மனைவி பூவம்மாளைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் இல்லை. அவளைப் படம் பிடித்து வைக்கவேண்டும் என்று யாரும் எண்ணியதுமில்லை. தை மாதம் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் அவள் முகத்தை நினைத்துப் பார்த்தார். மூக்குத்தி வந்தது, சிரிப்பு வந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு முகமாக நிற்கவில்லை. பயந்துபோனார். முழுசாக நின்றது அவளுடைய வலது கை மட்டும்தான், சோறு போடும் கை. அதில் மணிக்கட்டுக்கு மேலே ஒரு பச்சை மயில் உண்டு.

சிறுமியாக இருந்தபோது குத்தியது அது. ஊசி பட்டதும் கையை இழுத்துக்கொண்டாளாம். தோகை பாதியிலேயே நின்றுவிட்டது. கல்யாணமான புதிதில் சின்னசாமி அதைக் கோழி என்பார். கோழிக்குச் சோறாக்கத் தெரியாது என்று சொல்லி அவள் அன்று அடுப்பையே பற்றவைக்க மாட்டாள்.

அந்த மயில் தன் கையில் இருந்துவிட்டால் அதையாவது மறக்காமல் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

வாணியம்பாடிச் சந்தையில் எல்லம்மாள் என்ற குறத்தி பச்சை குத்துவாள். மஞ்சளையும் அகத்திக் கீரையையும் அரைத்துத் துணியில் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரித்து, சட்டியில் படியும் கரியைச் சுரண்டி எடுத்து வைத்திருப்பாள். சின்னசாமி கேட்டதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. தான் குத்தினால் மயிலுக்குத் தோகை விரிந்துதான் இருக்கும், குறை மயிலைப் பார்த்தால் தன்னைத்தான் ஊர் சிரிக்கும் என்றாள். எதற்காக என்று அவர் சொன்ன பிறகு மறுபேச்சில்லாமல் ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டினாள். வலது கையில் பாதித் தோகையோடு மயில் வந்து உட்கார்ந்தது.

மேலே மஞ்சளை அப்பிவிட்டு, செய்யவேண்டியதைச் சொன்னாள். காலையும் மாலையும் தேங்காயெண்ணெய் மெல்லத் தடவவேண்டும். நமைச்சல் எடுக்கும், சொறியக் கூடாது. கருவாடும் கத்திரிக்காயும் ஆகாது. தண்ணீரில் ஊறவிடக் கூடாது, துணி கட்டிப் புழுங்கவைக்கவும் கூடாது. பிறகு அவர் நகத்தைப் பார்த்தாள்.

“தோல் ஷாப்பா? பொருக்கு தானா உதிர்ற வரிக்கும் குழிப் பக்கம் போவாத. நீயா உரிச்சா சாயமும் கூடவே வந்துடும்.”

ஷாப் மேஸ்திரி கோதண்டபாணி நல்ல மனுஷர். ஆறவைத்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினார். கஷ்டமெல்லாம் வீட்டில்தான் இருந்தது. காலையில் சனங்கள் ஷாப்புக்குப் போனதும் தெரு அடங்கிவிடும். கொடியில் பூவம்மாளின் புடவை அவள் போட்டபடியே தொங்கியது. சின்னசாமி அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். உலை கொதித்தால் யாரோ மூடியை எடுப்பார்கள் என்று காத்திருந்து, பொங்கி வழிந்த பிறகு எழுந்து போவார். பொழுது நகரவே இல்லை. ஷாப்பில் இருந்த நாட்களில் பகல் என்று ஒன்று இவ்வளவு நீளமாக இருப்பது அவருக்குத் தெரிந்ததில்லை.

பொருக்கு உதிரும்முன்னே அவர் ஷாப்புக்குக் கிளம்பிவிட்டார். கை நனையாமலிருக்க ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார். கிணற்றில் நீர் இறைக்கிற கவலைக்குத் தோல்தானே பை? அது ஒழுகுவதில்லையே. பதமான ஆட்டுத்தோல் துண்டு ஒன்றில் விளக்கெண்ணெயை ஊறவிட்டு, கையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார். வெளியே நிற்கிற தண்ணீரை உள்ளே விடாது என்று நம்பினார். தோலோடு பிழைத்தவர், தோலை நம்பினார். ஆறிவிட்டதா என்று மேஸ்திரி கேட்டதற்கு ஆறிவிட்டது என்றார்.

அன்று பகல் முழுக்கக் குழியில் நின்றார். நாலு பேர் பேச்சும் சிரிப்பும் காதில் விழுந்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் அடைத்திருந்த மூச்சு கொஞ்சம் இறங்கியது. கை எரிந்தது. ஆறுகிற புண் எரியத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்.

மாலையில் கட்டைப் பிரித்தபோது விஷயம் தெரிந்தது. ஓரமாகக் கசிந்து இறங்கிய சுண்ணாம்பு நீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றிருந்தது. ஆட்டுத் தோலுக்குச் செய்வதை அவர் தோலுக்கும் செய்திருந்தது. பொருக்கு கூழாகி, கட்டிய தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் சிவந்த சதை மட்டும் இருந்தது.

புண் ஆறப் பங்குனி கடந்தது. வெளுத்து வழவழவென்று ஒரு தழும்பு. மறுபடி சந்தைக்குப் போனார். எல்லம்மாள் தழும்பைத் தடவிப் பார்த்தாள்.

“சுண்ணாம்பா?”

“தோல் சுத்திக்கினுதாம்மா எறங்கினேன்.”

“செத்த தோலே சுண்ணாம்புக்குத் தாங்கல. நீ பச்சப் புண்ணுல வுட்டு, மூடி வேற போட்டியா? நல்லா இருக்குதுப்பா உன் வேல.”

அவர் தலை குனிந்திருந்தார். “வூட்ல இருக்க முடியலம்மா.”

அவள் கொஞ்ச நேரம் ஊசியை விளக்கு முனையில் காட்டிக்கொண்டிருந்தாள். தழும்பில் சாயம் நிற்காது, குத்தினால் இடது கையில்தான் என்றாள். இடது கை சோறு போடுகிற கை இல்லையே என்று அவர் இழுத்தார்.

“மயிலுக்கு அதெல்லாம் தெரியாது. ஆனா இன்னொரு தபா கெடுத்துக்கினு வந்தா மூணாவது கைக்கு எங்க போவ? வூட்ல இருப்பேன்னு சொல்லு, குத்தறேன். இல்லாட்டி எழுந்து போ.”

அவர் இடது கையை அவள் முன்னால் நீட்டினார். “இருக்கறேன், குத்து,” என்றார்.

இருந்தார். நமைத்தபோது எழுந்து நடந்தார். நடக்க இடம் கொஞ்சம்தான்; நடந்தால் கொடியில் தொங்கும் புடவை முகத்தில் இடித்தது. சில நாள் ஒதுங்கிப் போனார். பிறகு ஒரு மத்தியானம் அதை எடுத்து, ஒரு கையால் மடிக்க வராமல், தரையில் விரித்து, மண்டியிட்டு மடித்தார். முந்தானையில் குழம்புக் கறை ஒன்று இருந்தது. அதைத் தண்ணீர் போட்டுக் கசக்கவில்லை. அழுகை வந்தது, யாரும் இல்லாததால் நெடுநேரம் அழ முடிந்தது. உலை பொங்குவதற்குள் எழுந்துபோய்த் தாமே மூடியை எடுத்தார்.

சித்திரையில் ஒரு விடியற்காலை எண்ணெய் தடவும்போது பொருக்கு விரலோடு உதிர்ந்தது. அடியில் மயில் கருத்துத் தெளிவாக இருந்தது. தோகை பாதியில் நின்றது.

வேலைக்குப் போகும் வழியில் மேஸ்திரி வாசலில் நின்று குரல் கொடுத்தார். சின்னசாமி வெளியே வந்து கையைக் காட்டினார்.

“அதான் ஆறிடிச்சே. வர்றியா?”

“நாளைக்கு வர்றேன் மேஸ்திரி,” என்றார் சின்னசாமி. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார்.