குறுக்கே பேசியவர்

மேடையில் நான் சொல்வதில் பாதிக்கு மேல் பொய். ஸ்டாண்ட் அப் காமெடி செய்கிறவனுக்கு அதுதான் பிழைப்பு. என் மாமியார் சொன்னதாக நான் சொல்லும் எதையும் என் மாமியார் சொன்னதே கிடையாது. ஆனால் இப்போது எழுதப்போவதில் ஒரு வார்த்தைகூட நான் சேர்த்தது இல்லை. சந்தேகம் இருந்தால் அன்றைக்கு அரங்கில் இருந்தவர்களைக் கேளுங்கள். வயிறு வலிக்கச் சிரித்தோம் என்பார்கள். எனக்குத்தான் இன்னும் சிரிப்பு வரவில்லை.

எனக்குக் குறுக்கே பேசுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. டிக்கெட் வாங்கி, வசதியாகக் காலை நீட்டி உட்கார்ந்து, இன்னொருவன் வேலை செய்யும்போது நடுவில் வாயை விடுகிற ஜென்மங்கள். பல் டாக்டரிடம் போய் இப்படிப் பேசுவார்களா? இந்த ஆட்களால் நான் இரண்டு முறை ஆத்திரம் தாங்காமல் நிகழ்ச்சியைப் பாதியில் விட்டு இறங்கியிருக்கிறேன். ஒரு முறை குடித்துவிட்டு வந்த ஒருவன். இன்னொரு முறை பிறந்தநாள் கொண்டாட வந்த ஒரு கும்பல்.

அரங்கின் முதலாளி அன்று சாயங்காலம் என்னைத் தனியாக அழைத்தார்.

"இங்க பாரு தம்பி. இன்னைக்கு நல்லாப் போச்சுன்னா இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை மேடை உனக்குத்தான். ஆனா எவன் என்ன பேசினாலும் நீ கீழ இறங்கக் கூடாது. இறங்கினே, அப்புறம் இந்த வாசப்படிய மிதிக்காதே."

நான் ஆபீஸ் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டை நடத்துவது என் மனைவியின் சம்பளம். அந்தச் சனிக்கிழமைகள் கிடைக்காவிட்டால் பழைய மேனேஜர் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதாக அவளிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு வழி இல்லை.

ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். டிக்கெட் எல்லாம் விற்றுப்போய் அரங்கம் நிறைந்திருந்தது. மேடை விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும் என்பதால் எங்களுக்கு ஆட்கள் சரியாகத் தெரிய மாட்டார்கள். முதல் வரிசையில் முழங்கால்கள் தெரியும். கொஞ்சம் கண்ணைச் சுருக்கினால் சில முகங்கள் தெரியும். அதற்குப் பின்னால் ஒரே இருட்டுதான்.

முதல் பத்து நிமிடம் அருமையாகப் போனது. பிறகு மாமியார் ஜோக்குக்கு வந்தேன்.

"மாமியார் போன் பண்ணுவாங்க. 'மாப்ளே, நல்லா இருக்கீங்களா'ன்னு கேப்பாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள 'சரி, பொண்ணுகிட்ட குடுங்க'ம்பாங்க. என் உடம்பு நல்லா இருக்கா இல்லையாங்கறது அவங்களுக்கு ஒரு ரிங்டோன்."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவே ஒரு ஆண் குரல் கேட்டது.

"இதுக்கெல்லாமா சிரிக்கிறாங்க?"

முதல் வரிசை, இடது ஓரம். கரகரப்பான, நிதானமான குரல். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. முன்வரிசையில் ஒருவர் பேசுவது பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. அதனால் அவர் சொன்னதை முதலில் மைக்கில் அப்படியே திருப்பிச் சொல்லுவோம். அதன் பிறகுதான் பதிலடி. இல்லாவிட்டால் எதற்கு அடிக்கிறோம் என்று யாருக்கும் புரியாது. இது யோசித்துச் செய்வது இல்லை, வாய் தானாகச் செய்துவிடும்.

"இதுக்கெல்லாமா சிரிக்கிறாங்கன்னு சார் கேக்கறார். சார், நீங்க டிக்கெட் வாங்கித்தான் வந்தீங்களா, இல்ல பாத்ரூம் தேடி வந்து வழி தவறிட்டீங்களா?"

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"இவதான் இழுத்துட்டு வந்தா," என்றது குரல்.

திருப்பிச் சொன்னேன். அந்த ஓரத்தில் ஒரு பெண் தெரிந்தார். நாற்பது வயது இருக்கலாம். கழுத்துவரை பொத்தான் போட்ட வெளிர் நிறச் சட்டை. கையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இவர வீட்லயே விட்டுட்டு வந்திருக்கலாமே?"

கூட்டம் அதிர்ந்தது. அந்தப் பெண்ணின் சிரிப்பு மட்டும் சட்டென்று நின்றது.

"இவ எங்க போனாலும் நான் கூடவேதான் வருவேன்."

"எங்க போனாலும் கூடவே வருவாராம். சார், இதுக்குப் பேரு காதல் இல்ல. போலீஸ் காவல்!"

என் வாழ்நாளில் நான் வாங்காத சிரிப்பு அது. ஆனால் அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று உறைத்தது.

ஒருவன் குறுக்கே பேசினால் எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பும். எந்த ஊர் அரங்கானாலும் அப்படித்தான். அன்று ஒரு தலைகூடத் திரும்பவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் பேசும்போது யாரும் சிரிக்கவில்லை. நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் சிரித்தார்கள்.

அதோடு அந்தக் குரல்... இத்தனை பேர் கத்திச் சிரிக்கும்போதும் அது ஏறவில்லை. இறங்கவும் இல்லை. காதுக்குப் பக்கத்தில் பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்டது.

"சிரிச்சா இவளுக்கு ஈறு தெரியும். அசிங்கமா இருக்கும். அதான் கையால வாயப் பொத்திக்கறா."

ஐயோ, இதைச் சொல்லாதே என்று மனம் சொன்னது. வாய் சொல்லிவிட்டது.

அந்தப் பெண் வாயிலிருந்து கையை எடுத்தார். 

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஒரு பெண்ணை நாலு பேர் முன்னால் இப்படிப் பேசுகிறவன் மூஞ்சியை எல்லோரும் பார்க்கட்டும். விளக்குக்காரரைப் பார்த்துக் கத்தினேன்.

"அண்ணே, ஹால் லைட்டப் போடுங்க! சார் முகத்த எல்லாரும் பாக்கட்டும்!"

டக்.

வெளிச்சம் வந்தது.

நிறைந்த அரங்கம். எல்லா நாற்காலியிலும் ஆள்.

அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும்... காலி.

 அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. காலி நாற்காலியோடு சண்டை போடுவதுதான் என் நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள்.

 இறங்கி ஓடிவிடலாம் என்று தோன்றியது.

இறங்கக் கூடாது.

அந்த வெளிச்சத்தில், அத்தனை கைதட்டலுக்கு நடுவில், காலி நாற்காலியிலிருந்து...

"என் மாத்திரைய இவ எங்க ஒளிச்சு வெச்சான்னு கேளு."

என் வாய் திறந்தது.

வார்த்தை வருவதற்குள் வாயை மூடி, மைக்கை அணைத்துவிட்டேன்.

குனிந்து ஒரு கும்பிடு போட்டேன். திரை விழுந்தது.

முதலாளி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "சனிக்கிழமை உன்னுதுடா! ஆமா, மிமிக்ரி வரும்னு நீ சொல்லவே இல்லையே? அந்தக் கரகரப்பு... யாருடா அந்த ஆளு?"

நான் என் சொந்தக் குரலில்தான் திருப்பிச் சொன்னேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 

பின்வாசலில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"அக்கா, மன்னிச்சிடுங்க. எனக்கு எதுவும் தெரியாது. நான்..."

"தெரியும். குரலே என் வீட்டுக்காரரோடதுதான்." அவர் அழவில்லை. "ஏழு மாசம் ஆச்சு அவர் போய். பக்கத்துலயேதான் இருக்கார். அந்த எடத்துல யாராவது உக்காந்தா குளிருதுன்னு எழுந்து போயிடுவாங்க. அதான் எங்க போனாலும் ரெண்டு டிக்கெட் வாங்கிடறேன். ஏதோ பேசிட்டே இருக்கார்னும் தெரியும். என்ன பேசறார்னு மட்டும் எனக்குக் கேக்காது."

கொஞ்சம் கிட்டே வந்தார்.

"இன்னைக்கு நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுது."

 பாவம் என்று நினைத்தேன். உயிரோடு இருந்தபோதும் படுத்தியிருக்கிறான், செத்தும் விடவில்லை.

"கடைசியா ஒண்ணு சொன்னார்ல?" என்றார். "நீங்க வாயத் தொறந்தீங்க. உடனே மைக்க அணைச்சிட்டீங்க. என்ன சொன்னார்?"

"கைதட்டல்ல கேக்கலக்கா."

அவர் என் உதட்டையே பார்த்தார். இமைக்கவில்லை.

"தூக்கத்துலயே போயிட்டார் தம்பி. மாரடைப்பு. மாத்திரை டப்பா தலமாட்டுலயேதான் இருந்துச்சு. டாக்டர்கூடப் பாத்தார்."

நான் தலையை ஆட்டினேன்.

அவர் போய்விட்டார். அவர் செருப்புச் சத்தம் தெருமுனைவரை கேட்டது. அது அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

மாத்திரை என்ற வார்த்தையை நான் அன்று யாரிடமும் சொல்லவே இல்லை. மேடையிலும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை முதலாளியிடமிருந்து போன். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"உனக்கு யோகம்டா. நேத்து வந்த அந்தம்மா காலைல கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிக்கறாங்க. வருஷம் முழுக்க எல்லாச் சனிக்கிழமைக்கும் முதல் வரிசைல ரெண்டு சீட்டு புக் பண்ணிட்டாங்க. ஓரத்துல வேண்டாமாம். மைக்குக்கு நேர் எதிர்ல வேணுமாம். நீ பேசறப்ப உன் வாயப் பாத்துட்டே இருக்கணுமாம்."