டொக்டர் கேட்ட கேள்வி

என் தம்பி பேச்சை நிறுத்தி, சோறும் வேண்டாமென்று சுவரைப் பார்த்தே படுக்கத் தொடங்கியபோது, அவனை பஸ்ஸில் ஏற்றி இரத்தோட்டைப் பக்கமிருந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்தவர் மனநோய் பார்ப்பவர் அல்ல. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுக்கும் டொக்டர். ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி. மேசைக்கு அந்தப் பக்கமிருந்து யாரிடமும் பேசமாட்டார். நாற்காலியை இழுத்துவந்து நோயாளியின் அருகில் போட்டுக்கொள்வார்.

அப்படி உட்கார்ந்துதான் கேட்டார்: "தம்பி, செத்துப் போயிடலாம்னு நெனப்பு வருதா?"

நான் பதறிப்போனேன். "ஐயோ டொக்டர், இல்லாத நெனப்ப நீங்களே எடுத்துக் குடுக்காதீங்க!"

அவர் என் பக்கம் திரும்பவில்லை, தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அழத் தொடங்கினான்.

"ஒவ்வொரு நாளும் வருது" என்றான்.

தோட்டத்து லய வீட்டின் ஒற்றைக் காம்பராவில் அவனோடு படுத்தெழும்பும் எனக்கு அது தெரியாது.

அன்றைக்கே அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கடிதம் எழுதிக்கொண்டே டொக்டர் சொன்னார்: "கேக்கிறதால அந்த நெனப்பு வராதும்மா. போன மாசம் எங்களுக்கு ஒரு வகுப்பு வெச்சாங்க, அதுலதான் சொன்னாங்க. எனக்கு முந்தியே தெரிஞ்சிருக்கணும்." கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது.

அரசாங்க மருந்தில் தம்பி பிழைத்துக்கொண்டான். இப்போது வேலைக்குப் போகிறான், சிரிப்பதுதான் இல்லை. நன்றி சொல்லத் திரும்பிப் போனபோது அந்த டொக்டருக்கு இடமாற்றம் கிடைத்திருந்தது.

அந்தக் கேள்வியை அவர் முன்பு யாரிடம் கேட்காமல் விட்டார் என்று இன்றும் யோசிக்கிறேன்.