கதவில் தொங்கிய ஈரத் துண்டு

தெரேஸ் மதாம் இறந்த செய்தி என் வீட்டுக்குக் காலையிலேயே வந்துவிட்டது. எனக்கு வந்து சேர்ந்தது மாலையில்தான். அன்று ஒற்றைத் தலைவலியோடு ஜன்னலை அடைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மாவை எழுப்பக்கூடாது என்று என் மகள் கூடத்திலேயே தனியாக அழுதுகொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு அந்த ஒழுங்கைச் சொல்லிக்கொடுத்ததே மதாம்தான்.

எங்கள் பள்ளியில் வேலை பார்த்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். பிரெஞ்சு எடுத்ததால் அவர் மதாம். கணக்கு எடுப்பதால் நான் மிஸ். வயதில் பெரிய வித்தியாசமில்லை. எங்களைச் சேர்த்துவைத்தது இருவருக்கும் இருந்த இந்தப் பாழாய்ப்போன தலைவலி.

அப்போது நான் தக்காளி, தயிர், கடலை மிட்டாய், மாமியார் என்று ஒவ்வொன்றின் மேலும் பழி போட்டுக்கொண்டிருந்தேன். மிட்டாய் தின்ற மறுநாள் தப்பாமல் வலி வரும். மதாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். “மிட்டாயால வலி வரல மிஸ். வலி உள்ள கிளம்பிடுச்சு, அதான் மிட்டாய் கேக்குது. வலிய மட்டும் குறிச்சா போதாது. முந்தின நாளப் பாருங்க.” கேஸ் சிலிண்டர் வந்த தேதியைக் குறிக்கும் அதே சமையலறைக் காலண்டரில் கொட்டாவி, கழுத்து இறுக்கம், காரணமில்லாத எரிச்சல், கண்ணோரத்தில் நெளியும் வெளிச்சம், தூக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் குறிக்கவைத்தார். சில மாதங்களில் தெரிந்தது: காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட நாட்களில்தான் எனக்கு அதிகம் வந்திருக்கிறது. அந்தத் தாள்களைப் பார்த்த பிறகுதான் டாக்டரும் வராமல் தடுக்கும் மாத்திரையைப் பற்றிப் பேசினார். மாமியார் தப்பித்தார்.

“தலைவலிக்கெல்லாமா லீவு?” என்று ஒருமுறை முதல்வர் கேட்டுவிட்டார். மதாம் குரலை உயர்த்தவில்லை. “கால் உடைஞ்சா கட்டு தெரியுது சார். எனக்குக் கட்டு போட இடமில்ல” என்றார். அதற்குப் பிறகு முதல்வர் எங்கள் இருவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அவரிடம் இன்னொரு கேள்வி இருந்தது. ஆசிரியர் அறையில் யார் நெற்றியைப் பிடித்தாலும் உடனே கேட்பார்: “பழகின வலியா, புதுசா?” பழகினது என்றால் மாத்திரை போட்டுப் படுக்கச் சொல்வார். “புதுசா, இடி மாதிரி திடீர்னு வந்துச்சுன்னா படுக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.” நாங்கள் கேலி செய்வோம். அவர் சிரிக்கமாட்டார்.

முதலியார்பேட்டையில் அவர் வீட்டுக்கும் ஒரு சட்டம் உண்டு. படுக்கையறைக் கதவின் கைப்பிடியில் ஈரத் துண்டு தொங்கினால் யாரும் தட்டக்கூடாது, கூப்பிடக்கூடாது. அவர் கணவரை நாங்கள் முசே என்போம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். துண்டு தொங்கிவிட்டால் குக்கர் வைக்கமாட்டார். மீன்காரம்மா கூவிவிடக்கூடாது என்று தெருவாசலில் போய் நின்று கையாலேயே வேண்டாம் என்பார். மனைவியை அப்படித் தாங்கிய இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியமும் துண்டு தொங்கியது. முசே பழைய சோற்றைச் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாகத் துண்டு காய்ந்தால் மதாமே எழுந்துவந்து நனைத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, மறுபடி மாட்டிவிட்டுப் போவார். அன்று அது காய்ந்து விறைத்துப்போயிருந்தது. இருட்டிய பிறகுதான் முசே கதவைத் திறந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, இது ஒற்றைத் தலைவலி இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் முசே என் கையைப் பிடித்துக்கொண்டார். “துண்டு காஞ்சிருந்துச்சு மிஸ். நான் பாத்தேன். நல்லா தூங்குறா போலன்னு சந்தோஷப்பட்டேன். ஒரு தட்டு தட்டியிருந்தா?” தட்டியிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது டாக்டர்களுக்கும் தெரியவில்லை.

எனக்குக் கோபமாக வருகிறது. முசே மேல் இல்லை. மதாம் மேல்தான். ஊரையெல்லாம் கேட்டீர்களே, அன்றைக்கு உங்களை நீங்கள் கேட்டுக்கொள்ளவில்லையா? துண்டை எப்படி மாட்டினீர்கள்? கைப்பழக்கத்தில் மாட்டியிருப்பார். அந்த வலியில் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள யாரால் முடியும்? வெளியிலிருந்து ஒருவர் கேட்டிருக்க வேண்டும். அவரே போட்ட சட்டத்தை மதித்து நாங்கள் யாரும் கேட்கவில்லை.

காலண்டரில் குறிப்பதை நான் விடவில்லை. ஆனால் அவருடைய சட்டத்தில் பாதியைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இருட்டு உண்டு, அமைதி உண்டு, மூடிய கதவு கிடையாது. போன வாரம் படுத்திருந்தபோது மகள் கதவைத் திறந்தாள். கூடத்து வெளிச்சம் கண்ணில் குத்தியது, குமட்டியது.

“பழகின வலியாம்மா, புதுசா?”

“பழகினதுதான்” என்றேன். அவள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து கேட்டாள். மறுபடியும் பதில் சொன்னேன்.