நான் மறைத்த கை

2016 ஆகஸ்ட் 8, திங்கட்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். வெறுந்தேநீர் குடித்தேன். மழை இல்லை. ஆறு மணிக்கு முதல் ரப்பர் மரத்தில் கத்தியை வைத்தேன். பத்தரைக்குப் பால் வாளியோடு நிறுக்கும் இடத்துக்கு வந்தேன். அன்றைய பக்கம் என் பழைய நாட்குறிப்புக் கொப்பியில் இன்னும் இருக்கிறது. அதில் ஒட்டிய ரப்பர்பால் கறைகூடக் கறுத்துவிட்டது.

அங்கே வேலையை மேற்பார்க்கும் கங்காணி எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: "பால் வெட்டுறியா, வெறகு வெட்டுறியா? நாளைக்கும் மரத்துல காயம் பாத்தேன்னா, புல்லு வெட்டத்தான் போவ."

கத்தி பட்டையைத் தாண்டி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். அவை அம்மா வெட்டிய மரங்கள். அம்மா வேலையை விட்டபோது எனக்கு வந்த வரிசை.

நான் பிறவியிலேயே இடக்கைக்காரி. சின்ன வயதில் அம்மா சேலைத் துணியால் அந்தக் கையைக் கட்டிவிட்டுத்தான் சோறு போடுவார். "பீச்சாங்கைன்னு சிரிப்பாங்கடி" என்பார். கட்டிவிட்டு அவரே அழுததும் நினைவிருக்கிறது. வலக்கையால் மரம் வெட்டத் தொடங்கிய ஆறு மாதமாக என் ஜெபம் ஒன்றுதான்: "ஆண்டவரே, என் வலக்கையைத் திருத்தும்."

அன்று கொப்பியில் "காயம்: மூன்று" என்று எழுதினேன். எழுதுவது மட்டும் இடக்கையால், ஆள் இல்லாத நேரத்தில். அன்று அழுகையில் மறைக்க மறந்துவிட்டேன்.

பக்கத்து வரிசையில் வெட்டும் சிங்களக்காரரான சோமாவதி அக்கா எட்டிப் பார்த்தார்.

"அனே நங்கி, ஐயோ தங்கச்சி, இந்தக் கையாலயா முத்து முத்தா எழுதுற?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா."

"ஏன், களவெடுத்த கையா? மரத்துக்கு மட்டும் அந்தச் சோம்பேறிக் கைய ஏன் குடுக்குற?"

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். பக்கத்து ஊரான தெஹியோவிட்டையில் பட்டறை வைத்திருக்கும் அவருடைய தம்பி, அன்று பின்னேரமே என் கத்தியின் வளைவை இடக்கைக்கு ஏற்றபடி மறுபக்கம் திருப்பித் தந்தார்.

மாலை ஜெபத்தில்தான் புரிந்தது. ஆண்டவர் தந்த கையைக் குறை என்று அவரிடமே முறையிட்டிருக்கிறேன். அவரோ கையை அப்படியே விட்டுவிட்டுக் கத்தியைத் திருப்பியிருக்கிறார்.

அந்த வரிசை இன்றும் என்னிடம்தான். ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது கரும்பலகையிலும் இடக்கையால்தான் எழுதுகிறேன். நான் பாடம் சொன்ன முதல் நாள் அம்மா வந்திருந்தார். சோக்குக்கட்டியை எடுத்து என் இடக்கையில் வைத்தார். அவருக்கு நன்றியும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரமும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அன்பானவர்களே, நீங்களும் ஒன்றை வெட்கப்பட்டு மறைத்து வைத்திருக்கலாம். அதை மாற்றும்படி கேட்பதற்கு முன், எதற்காகத் தந்தார் என்று தந்தவரிடமே கேட்டுப் பாருங்கள்.

கொப்பியின் அடுத்த பக்கம்: ஆகஸ்ட் 9, செவ்வாய். மழை இல்லை. முதலில் செய்தது: அம்மாவின் முதல் மரத்தை இடக்கையால் வெட்டினேன். கங்காணி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். காயம்: இல்லை.